படத்தில் குடியிருப்பு எதுவும் தென்படவில்லை

ஜூலை 28, திங்கள்

தூத்துக்குடி வந்து ஒரு வாரம் ஆகிறது. அறையில் ஃபேன் சத்தம் போடுகிறது, காற்று தருவதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், கடல்காற்று வரும் தம்பி, ஜன்னலைத் திறங்க என்கிறார். திறந்தால் கருவாட்டு வாடை.

வேலை எளிது. கடற்கரையின் பழைய படங்களைத் தேடி எடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி, எந்தக் கட்டடம் எப்போது வந்தது என்று சொல்ல வேண்டும். கடலோரம் முழுக்க நடைபாதை வருகிறது. பூங்கா, சைக்கிள் தடம், உணவகங்கள். எங்கள் கம்பெனிக்கு ஆய்வறிக்கை மட்டும். நடுவில் ஒரே ஒரு சிக்கல், சிப்பித் தெரு. கடலைப் பார்த்து ஒரே வரிசையாக வீடுகள். 1960-க்கு முன்பே குடியிருப்பு இருந்தது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே பட்டா. இல்லையென்றால் ஊருக்கு வெளியே அடுக்குமாடி. அதைத் தீர்மானிக்க ஒரு விசாரணை நடக்கும். அங்கே போகப்போவது என் அறிக்கை.

சாப்பாடும் அந்தத் தெருவில்தான். முதல் வீட்டில் ரெஜினா அக்கா கடை போட்டிருக்கிறார். காலையில் இட்லி, மதியம் மீன்குழம்புச் சோறு. கணவர் ததேயு கடலுக்குப் போகிறவர்.

"ஈ.பி. ஆளா தம்பி?"

"இல்லக்கா. சர்வே."

"சர்வேன்னா நல்லதா, கெட்டதா?"

"சர்வேன்னா சர்வேக்கா."

"நல்லா சொன்ன போ. இன்னொரு துண்டு வச்சுக்க, சாளை இன்னைக்கு நல்லாருக்கு."

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிடைத்துவிட்டது. இணையத் தொகுப்பு ஒன்றில் ஒரு போஸ்ட்கார்டு. 1955, மச்சாடோ ஸ்டூடியோ, தூத்துக்குடி. சுங்கக் கட்டட மாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இடது ஓரம் கோயில் கோபுரம், வலது ஓரம் கப்பல், நடுவில் சிப்பித் தெரு இருக்க வேண்டிய இடம். வெறும் மணல்.

படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு: பயன்படுத்துவோர் புகைப்படக்காரரின் குடும்பத்தைத் தொடர்புகொள்ளவும். ஒரு போன் நம்பர். நந்தகோபால் சார் சென்னையிலிருந்து கேட்டார், "அனுமதி வாங்கணுமாப்பா?" அவர் எங்கள் பிராஜெக்ட் தலைவர். வேண்டாம் சார் என்றேன். வெளியாகி அறுபது வருஷம் தாண்டியாச்சு, காப்புரிமை போயாச்சு. போகாவிட்டாலும் ஆய்வுக்கு எடுத்தாள்வது நியாயமான பயன்பாடு. சட்டத்தில் இருக்கிறது. போன் போட்டால் கதை பேசுவார்கள், அரைநாள் போய்விடும்.

ஸ்கேன் சுமார்தான். மணல் பகுதி சுத்த வெள்ளை, பழைய படங்களில் இருக்கும் புள்ளிப்புள்ளியான குருணையே இல்லை. வெளிச்சம் அதிகம் விழுந்திருக்கும். வெள்ளைக்கு நடுவில் ஒரு சாய்ந்த கறுப்புத் திட்டு, நிழல் மாதிரி. ஆனால் நிழல் விழ அங்கே எதுவும் இல்லை. கறை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊரே ரோட்டில். அளவெடுக்கப் போக வழியில்லை. ததேயு அண்ணன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனார். நாற்காலி, குடிக்கக் கலர் சோடா, முறுக்கு. சுவரில் ஒரு கல்யாணப் படம்.

"எங்க அப்பாவும் அம்மாவும். அம்பத்தேழு. நம்ம வாசல்லதான் நிக்காவ, பாருங்க. நிலை அதே நிலை. பெயின்ட்தான் மாறியிருக்கு."

பார்த்தேன். அதே நிலைதான். அட்டையின் மூலையில் மச்சாடோ ஸ்டூடியோ என்று அச்சு. இரண்டு வருஷத்தில் வீடு கட்டியிருக்கலாம். அப்படிப் பார்த்தாலும் 1960-க்கு முன்பு. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் குடும்பப் படங்களைச் சேர்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன இன்ஜினியரு, அப்படிப் பாக்குதீரு?"

"ஒண்ணுமில்லண்ணே. நல்ல படம்."

ஆகஸ்ட் 13, புதன்

அறிக்கை அனுப்பியாயிற்று. பத்தி 4.2 இப்படி முடிகிறது: "1955-ஆம் ஆண்டுப் படத்தில் குடியிருப்பு எதுவும் தென்படவில்லை."

நந்தகோபால் சார் போன் பண்ணினார். "பிரமாதமான வரி. ஒரு எழுத்து மாத்தாத."

குடியிருப்பு இல்லை என்று நான் எழுதவில்லை. தென்படவில்லை என்றுதான் எழுதினேன். அது உண்மை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிப்பித் தெருக் கதவுகளில் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் வழிந்து சில நம்பர்களுக்குக் கால் முளைத்திருக்கிறது.

"நம்பர் போட்டா பட்டா வருமாம்லா தம்பி? வார்டு ஆபீஸ்ல சொல்லுதாவ," என்றார் ரெஜினா அக்கா.

"எனக்குத் தெரியாதுக்கா."

"நீ சர்வேக்காரன்தான?"

"நான் படம் மட்டும்தான் பாக்குறேன்."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். சட்டை துவைக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

எங்கள் தூத்துக்குடி ஆபீஸுக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயசிருக்கும். கையில் ஹெல்மெட். வார்டு ஆபீஸில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்தே கொண்டுவந்திருந்தார். அதில் என் 1955 படம்.

"இதை யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"நீங்க யாருங்க?"

"டெல்மா மச்சாடோ. படம் எடுத்தவரு எங்க அப்பா. யாரக் கேட்டீங்க?"

"கேட்க வேண்டியதில்லைங்க. காப்புரிமை முடிஞ்சாச்சு. ஆய்வுக்கு எடுத்தாள சட்டமே இடம் கொடுக்குது."

"சட்டம் குடுக்கட்டும், யாரு வேண்டாங்கா? ஒரு போன் போட்டா விரலு தேஞ்சிருமா?"

"போட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அதப் போட்டவன்கிட்ட சொல்லியிருப்பேன்."

போய்விட்டார். படிக்கட்டில் ஹெல்மெட் இடித்த சத்தம் கேட்டது. உரிமையே இல்லாத பொருளுக்கு இவ்வளவு கோபம்.

செப்டம்பர் 11, வியாழன்

சிப்பித் தெருவில் இரண்டு நாளாகக் கரன்ட் இல்லை. பராமரிப்பு என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

பொழுது போகாமல் சும்மா ஒரு சோதனை செய்தேன். சுங்கக் கட்டட மாடியில் அதே இடத்தில் நின்று இன்றைக்கு ஒரு படம் எடுத்து, 1955 படத்தின் மேல் பொருத்தினேன். கோபுரம் கோபுரத்தின் மேல் உட்கார்ந்தது. அந்தக் கறுப்புத் திட்டு ரெஜினா அக்கா வீட்டு வடக்குச் சுவரின் நிழல் மேல் உட்கார்ந்தது. சாய்வுகூட மாறவில்லை.

மூன்று முறை பொருத்திப் பார்த்தேன். கறை என்றால் இப்படி உட்காராது.

செப்டம்பர் 12, வெள்ளி

டெல்மா கடைக்குப் போனேன். பழைய ஸ்டூடியோதான். இப்போது ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன். என்னைப் பார்த்ததும், "சட்டம் வந்துட்டு," என்றார் கடையில் இருந்தவரிடம். ஆனால் உள்ளே கூப்பிட்டார்.

அலமாரியிலிருந்து துண்டில் சுற்றிய கண்ணாடி பிளேட் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். 1955 படத்தின் நெகடிவ். நடுவில், மணல் இருக்கிற இடத்தில், திட்டுத்திட்டாகச் சிவப்பு மை.

"கப்பல் கம்பெனிக்காரன் கேட்ட போஸ்ட்கார்டு. காயுற வலையும் ஓலைக் கூரையும் வேண்டாம், பாக்க அசிங்கமா இருக்குன்னுட்டான். அப்பா பிரஷ்ஷ எடுத்துப் பூசிட்டாரு. நெகடிவ்ல பூசுன இடம் பிரிண்டுல வெள்ளையா வரும். பாக்கவன் மணலுன்னு நெனச்சுக்கிடுவான். அந்தக் காலத்துல எல்லா ஸ்டூடியோவும் செஞ்ச வேலதான். கல்யாணப் பொண்ணு முகத்துல அம்மத் தழும்ப எடுக்கதில்லையா, அது மாதிரி."

பிளேட்டைச் சாய்த்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் மைக்கு அடியில் மேடு பள்ளமாக ஒரு வரிசை தெரிந்தது. கூரைகள். சிப்பித் தெரு முழுசாக இருந்தது. நிழலை மட்டும் பூச மறந்திருக்கிறார்.

போனை எடுத்தேன். டெல்மா கையை மறித்தார்.

"மொதல்ல கேளு."

"எடுக்கலாமா?"

"இப்ப வேண்டாம். விசாரணை இருவத்தி நாலாம் தேதிலா? தெருக்காரவுக வக்கீலோட பிளேட்டக் கொண்டு நானே வாரேன். நீ பக்கத்துல நின்னு, சாச்சுப் பிடிச்சு, இன்னது இன்னதுன்னு சொல்லு. அதுவரைக்கும் ஒண்ணும் எழுதாத, கேட்டியா? பாதிய எழுதுனா பாதியத்தான் படிப்பாவ."

சரி என்றேன்.

ஆனால் தப்பு தெரிந்த பிறகு அறிக்கையை அப்படியே விட்டுவைப்பது எனக்குப் பழக்கமில்லை. இருபத்தி நாலாம் தேதி வரை காத்திருக்க இது என்ன நாடகமா? அறைக்கு வந்ததும் நந்தகோபால் சாருக்கு மெயில் அனுப்பினேன்.

"1955 படம் செல்லாது. மச்சாடோ ஸ்டூடியோ படங்கள் நெகடிவிலேயே திருத்தப்பட்டவை. அவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது. பத்தி 4.2-ஐ நீக்கவும்."

தெளிவாக இருக்கிறது. ஒரு வார்த்தை அதிகமில்லை. ரெஜினா அக்கா கடைக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 13, சனி

நந்தகோபால் சார் பதில்: "நல்ல கவனிப்பு. மிக்க நன்றி. பத்தியை எடுத்துவிடலாம்."

திட்டுவார் என்று நினைத்தேன். சம்பளம் ஏற்றச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

செப்டம்பர் 24, புதன்

விசாரணை. நான் கம்பெனி பக்கம் லேப்டாப்போடு. எதிர்ப்பக்கம் தெருக்காரர்கள். ததேயு அண்ணன் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். டெல்மா மடியில் துண்டு சுற்றிய பிளேட். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் எங்கள் வக்கீல் எழுந்தார். பத்தி 4.2-ஐத் திரும்பப் பெறுகிறோம் என்றார். தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு தெருக்காரர்களின் வக்கீல் கல்யாணப் படத்தை நீட்டினார். எங்கள் வக்கீல் அட்டையின் மூலையைக் காட்டினார். எந்த ஸ்டூடியோ? மச்சாடோ ஸ்டூடியோ. ஒரு தாளை எடுத்துப் படித்தார். என் மெயில். "மச்சாடோ ஸ்டூடியோ படங்கள் நெகடிவிலேயே திருத்தப்பட்டவை. அவற்றைச் சான்றாகக் கொள்ள முடியாது." என் பெயரையும் படிப்பையும் சேர்த்தே படித்தார்.

"எங்கள் நிபுணரே சொல்கிறார். அதனால்தான் எங்களுக்குச் சாதகமான படத்தையே நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அவர்களும் விட்டுக்கொடுக்கட்டும். அதுதானே நியாயம்?"

நான் எழுந்தேன். அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்றேன். விசாரணை அதிகாரி, "இது நீங்கள் எழுதியதா, இல்லையா?" என்று கேட்டார். எழுதியதுதான். "அப்போ உட்காருங்க."

டெல்மா பிளேட்டைப் பிரித்துக் காட்டினார். அதற்கும் ஒரே பதில்தான். மை பூசுவது இவர்கள் தொழில். எழுபது வருஷத்துக்கு முன் பூசியதா, போன வாரம் பூசியதா, யார் சொல்வது? ஸ்டூடியோவின் பிளேட் ஸ்டூடியோவுக்கே சாட்சியா?

இரண்டு பக்கத்துப் படங்களும் தள்ளுபடி. மிச்சம் இருந்தது பழைய நில வரைபடம் ஒன்று. அதில் அந்த இடம் புறம்போக்கு.

வெளியே வராந்தாவில் டெல்மா பிளேட்டைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்லப் போனேன்.

"எங்க அப்பா பூசுனது ஒரே ஒரு பிளேட்டு," என்றார். "நீ எல்லாத்து மேலயும் பூசிட்ட."

செப்டம்பர் 25, வியாழன்

நந்தகோபால் சாருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். மை எங்கே, ஏன், கல்யாணப் படத்தின் நிலைக்கதவில் எந்தத் திருத்தமும் இல்லை, எல்லாம். பதில்: "முன்பு எழுதியதே தெளிவாக இருந்தது."

அக்டோபர் 6, திங்கள்

ஆணை வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

மதியம் சாப்பிடப் போனேன். போகாமல் இருந்தால்தான் தப்பாகத் தெரியும். ரெஜினா அக்கா இலை போட்டார். குழம்பு ஊற்றினார். வழக்கம்போல மீன் துண்டும் வைத்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், "இவன்தான்," என்றார். அக்கா, "சாப்பிடுத ஆளுகிட்ட என்ன பேச்சு," என்றார்.

பாதியில் எழுந்துவிட்டேன். வெயில் அதிகம். பசி இல்லை.

அக்டோபர் 18, சனி

காலையில் ரெஜினா அக்கா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எங்க மாமியா கல்யாணப் படம் செல்லாதுன்னுட்டாவ. சரி. செல்லுத மாதிரி ஒரு படம் நீ எடுத்துக் குடு. உன் கேமராவுல தேதி விழும்லா? எடமும் விழும்லா?"

"விழும்க்கா. ஜிபிஎஸ்."

"அதான். நாளைக்கு எவனும் இவ இங்க இருக்கலன்னு சொல்லப்பிடாது."

ஆபீஸ் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். தெரு முழுக்கக் காத்திருந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போகும் உடுப்பில். மூட்டை முடிச்சுகளை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலாக எடுத்தேன். ததேயு அண்ணன் சிரிக்கவில்லை. "சிரியும்," என்றார் அக்கா. "பிறவு பாக்கும்போது உம்முன்னு இருந்தா நமக்குத்தான கஷ்டம்." சிரித்தார். தெருவே சிரித்தது, ஏனென்றால் அவருக்கு முன்பல் இல்லை.

நல்ல வெளிச்சம். எல்லாப் படமும் ஊசிமுனைபோலக் கூர்மையாக வந்தது. ஆபீஸுக்கு வந்து வழக்கம்போல எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்து வைத்தேன். அடுத்த வேலைக்குத் தேவைப்படும்.

அக்டோபர் 29, புதன்

மழை. இயந்திரங்கள் வந்தன. நான் ஆபீஸிலேயே இருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இறுதி அறிக்கை பிரதி வந்தது. வழுவழுப்பான தாள், கலர். படம் 14, முழுப் பக்கம். ரெஜினா அக்காவும் ததேயு அண்ணனும் பூட்டிய கதவுக்கு வெளியே, மூட்டைக்குப் பக்கத்தில், நல்ல உடுப்பில், சிரித்துக்கொண்டு. ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை. சோதித்துப் பார்த்தேன்.

கீழே இரண்டு வரி:

"குடியிருப்போர் தாமாக முன்வந்து மகிழ்வுடன் வெளியேறியபோது."

"ஒளிப்படம்:" என்று போட்டு என் பெயர்.

நந்தகோபால் சாரைக் கூப்பிட்டேன். அந்தப் படங்களை நான் அவர்களுக்காக எடுத்தேன் என்றேன். "எந்தக் கேமரா?" என்று கேட்டார். ஆபீஸ் கேமரா. "எந்த நேரம்?" ஆபீஸ் நேரம். "அப்புறம் என்னப்பா, சட்டம் உனக்குத் தெரியாததா?"

நவம்பர் 13, வியாழன்

ரெஜினா அக்கா போன் பண்ணினார். அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். நாலாவது மாடி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லையாம். கடலுக்குப் போக ததேயு அண்ணன் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"படம் என்னாச்சு தம்பி? ஒரு காப்பி குடேன். புதுச் செவரு மொட்டையா இருக்கு."

படங்களைக் கேட்டுச் சென்னை ஆபீஸுக்கு மெயில் போட்டேன். பதில்: "அலுவலக ஆவணம், வெளியாருக்குத் தர இயலாது." என் லாகினும் திறக்கவில்லை. அடுத்த வேலை கடலூர் என்றார்கள்.

நவம்பர் 15, சனி

அறிக்கையிலிருந்து படம் 14-ஐ மட்டும் கலர் பிரிண்ட் எடுத்தேன். டெல்மா கடை பக்கம்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நன்றாக வந்தது. கடைக்காரரிடம் கத்தரி வாங்கி, அடியில் இருந்த இரண்டு வரியை வெட்டினேன். பஸ் கிளம்பப் போகிறது என்று கண்டக்டர் கத்தினார், அவசரத்தில் கை கோணிவிட்டது.

நாலு மாடி ஏறினேன். ரெஜினா அக்கா படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். ததேயு அண்ணனைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். நிலை தெரியுது, நம்பர் தெரியுது, அங்க பாரு பூனை என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

"நல்லா எடுத்திருக்க தம்பி," என்றார் அக்கா. பிறகு ஓரத்தைத் தடவினார். "கீழ ஏன் இப்படி கோணலா வெட்டியிருக்கு?"

"கடைக்காரன் வெட்டினதுக்கா."

"யாரு, டெல்மாவா? அவ கோணலா வெட்டமாட்டாளே."

"வேற கடைக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளை.